மருமகள் என் கையிலிருந்து சீப்பை வாங்கிவிட்டாள்

வாசகர் கடிதத்துக்குத் தோல் மருத்துவரின் பதில்

பாளையங்கோட்டையிலிருந்து அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துக்கு, மகன் வீட்டில் ஆறு மாதம் தங்க வந்திருக்கும் ஓர் அம்மா ஒன்பது பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். வயது 64. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன், தன்னோடு வேலை பார்த்த கறுப்பின அமெரிக்கப் பெண்ணை ஆறு ஆண்டுகளுக்கு முன் மணந்தார். பேத்திக்கு நான்கரை வயது. மருமகளுக்கு இப்போது ஏழாம் மாதம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மனக்குறைகளை அப்படியே விட்டிருக்கிறேன்.

மருமகள் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தலைக்குக் குளிக்கிறார், பேத்திக்கும் அப்படியே. இரவில் தாயும் மகளும் பட்டுத்துணித் தொப்பி போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். சனிக்கிழமை முழுக்கத் தலைமுடிக்கே போய்விடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பாட்டி பேத்தியின் தலையில் தேங்காய் எண்ணெய் வைத்து, பொடுகு ஷாம்பு போட்டு அலசி, நன்றாகக் காயவைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த சீப்பால் வாரியிருக்கிறார். சீப்பு நிறைய முடி. குழந்தை ஒரே அழுகை. உள்ளே வந்த மருமகள் சீப்பைக் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "இனிமேல் என்னைக் கேட்காமல் இவள் தலையைத் தொடாதீர்கள்" என்று சொன்னாராம். சத்தம் போடவில்லை. ஆனால் அன்றோடு பேச்சு குறைந்துவிட்டது.

அடுத்தது மருத்துவமனை. பரிசோதனைக்கு இருவரும் போயிருக்கிறார்கள். தலைவலி என்று மருமகள் சொன்னதற்கு, கர்ப்ப காலத்தில் இதெல்லாம் இருக்கும் என்றிருக்கிறார் டாக்டர். மருமகள் விடவில்லை. இரத்த அழுத்தத்தை மறுபடி பார்க்கச் சொன்னார். மேற்கொண்டு பரிசோதனை தேவையில்லை என்றால் அதைக் காரணத்தோடு மருத்துவக் குறிப்பில் எழுதச் சொன்னார். "டாக்டரையே எதிர்த்துப் பேசுகிறாள். கோபக்காரி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது" என்கிறது கடிதம்.

பேத்தியின் முடியை நேராக்கும் க்ரீம் போடலாமா, பிறக்கப்போகும் பிள்ளை நிறமாகப் பிறக்கக் குங்குமப்பூ கொடுக்கலாமா என்று இரண்டு கேள்விகள். "நாங்களும் கறுப்புதான். பெண் பார்க்க வந்தவர்கள் நிறத்தைச் சொல்லி இரண்டு தடவை என்னை வேண்டாம் என்றார்கள். நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லையே" என்று ஓர் ஆதங்கம். டிக்கெட்டை மாற்றி இப்போதே ஊருக்குக் கிளம்பிவிடவா என்று முடிகிறது கடிதம்.

எட்டாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அன்புள்ள அம்மா,

நான் இதே மேரிலாந்தில் 22 ஆண்டுகளாகத் தோலுக்கும் முடிக்கும் மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினப் பெண்கள். அதனால் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது நீங்கள் சொல்லாமல் விட்ட பக்கமும் எனக்குக் கொஞ்சம் கேட்டது.

முதலில் ஒரு சிறு திருத்தம். மருமகளின் இனத்தைக் குறிக்க நீங்கள் எழுதியிருந்த சொல்லை நான் மேலே அச்சிடவில்லை. நம் காலத்துப் பாடப்புத்தகத்தில் அது இருந்தது. வகுப்பில் நீங்களே சொல்லிக்கொடுத்திருப்பீர்கள், வசை என்று நினைத்திருக்க மாட்டீர்கள். இங்கே அந்தச் சொல் அடிமை ஏலத்தையும், கறுப்பினப் பிள்ளைகளை ஒதுக்கி வைத்த பள்ளிக்கூடத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். கறுப்பினத்தவர் என்று சொல்லுங்கள். 'பரட்டை' என்பதையும் விட்டுவிடுங்கள். பேத்திக்குத் தமிழ் புரியத் தொடங்கிவிட்டது என்று நீங்களே மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறீர்கள்.

பத்து நாளைக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பது

நம் முடி ஒன்றைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் ஏறக்குறைய வட்டமாகத் தெரியும். உங்கள் மருமகளின் முடி தட்டையான நீள்வட்டமாகத் தெரியும். முடியின் வேர்ப்பையே தோலுக்குள் வளைந்து இருப்பதால், முடி வெளியே வரும்போதே சுருள்வில் போல வருகிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் நுனிவரை வழிந்துவிடும். சுருளில் அத்தனை வளைவுகளைத் தாண்டி இறங்காது. அதனால் அந்த முடி இயல்பிலேயே காய்ந்த முடி. ஷாம்பு அடிக்கடி போட்டால் இருக்கிற கொஞ்ச எண்ணெயும் போய்விடும். வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அலசினால் போதும் என்பதுதான் அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் கறுப்பினத்தவருக்குச் சொல்லும் ஆலோசனை. உங்கள் மருமகள் அதைத்தான் செய்கிறார். நம் வீட்டிலும் அம்மாக்கள் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமைதானே தலைக்குக் குளித்தார்கள்? அவர்களை யாரும் சுத்தமில்லாதவர்கள் என்று சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். சுருளின் ஒவ்வொரு வளைவும் ஒரு பலவீனமான இடம். காய்ந்த முடியில் நெருக்கமான பல்லுள்ள சீப்பு அந்த வளைவில் மாட்டினால் முடி நடுவிலேயே ஒடியும். பொடுகு ஷாம்பு வறட்சியை இன்னும் கூட்டியிருக்கும். சீப்பில் நீங்கள் பார்த்ததெல்லாம் ஒடிந்த முடி. வேர் கெடவில்லை, திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் நான்கரை வயதுப் பிள்ளைக்கு அது நல்ல வலி. முறை என்னவென்றால், தலையை நாலைந்து பாகமாகப் பிரித்து, ஈரமாக இருக்கும்போதே கண்டிஷனர் தடவி, அகலமான பல்லுள்ள சீப்பாலோ விரலாலோ நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே முடி வளர்த்த பெண்கள் நம் ஊரில் நுனியிலிருந்துதானே சிக்கெடுப்பார்கள்? கை உங்களுக்குப் பழகிய கைதான். முடிதான் வேறு.

தேங்காய் எண்ணெயில் தவறில்லை. முடியின் உள்ளே இறங்கக்கூடிய எண்ணெய் அது, இவர்களும் பயன்படுத்துகிறார்கள். ஜமைக்காவில் ஆமணக்கு விதையை வறுத்து, இடித்து, காய்ச்சி எடுக்கும் கறுப்பு விளக்கெண்ணெய்க்கு இங்கே பெரிய மதிப்பு. நம் கிராமங்களில் விளக்கெண்ணெய் காய்ச்சிய முறைதான் கிட்டத்தட்ட அதுவும். இதை மருமகளிடம் சொல்லிப் பாருங்கள், பேச்சுக்கு ஒரு வழி கிடைக்கும். எண்ணெயை முடிக்குத் தடவுங்கள். பொடுகு இருந்தால் தலைத்தோலில் தேய்க்க வேண்டாம், பொடுகை உண்டாக்கும் பூஞ்சைக்கு அது தீனி. பேத்தியின் தலையில் எங்காவது வட்டமாக முடி போய்ச் செதில் தெரிந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு மாத்திரையோ மருந்துநீரோ உள்ளுக்குக் கொடுக்க வேண்டும், எண்ணெயில் போகாது.

பட்டுத்துணித் தொப்பி எதற்கு என்றால், பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சும், உரசி முடியை ஒடிக்கும். பொடிப்பொடியாகப் பின்னிப் பல வாரம் அப்படியே விடுவதும் தினசரி வாருவதிலிருந்து முடியைக் காப்பாற்றத்தான். நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்து பின்ன வேண்டியிருக்கிறது என்றால், பின் பல வாரத்துக்கு அந்த வேலை இல்லை. இறுக்கிப் பின்னினால் மட்டும் நெற்றியோரம் முடி கழன்றுபோகும். இழுத்து இழுத்து ஜடை போட்ட நம் பெண்களுக்கும் இது வருவதைப் பார்த்திருக்கிறேன்.

"அதில் பாதி அவள் சொந்த முடியே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கல்யாணத்தில் சவுரி வைத்துப் பின்னினார்களா இல்லையா? இந்த நாட்டில் விற்கும் விலையுயர்ந்த சேர்ப்பு முடியில் கணிசமான பங்கு, திருப்பதியிலும் நம் கோயில்களிலும் மொட்டை போட்டுக் காணிக்கையாகக் கொடுத்து ஏலத்தில் போன முடி. உங்கள் மருமகளின் பின்னலில் நம் பக்கத்துப் பெண் ஒருத்தியின் வேண்டுதல் இருந்தாலும் இருக்கும்.

நேராக்கும் க்ரீம் வேண்டாம்

இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. பழைய வகைக் க்ரீம்களில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, நம் ஊரில் காஸ்டிக் சோடா என்று சோப்புக் காய்ச்ச வாங்குவது. 'மென்மையானது' என்று பெட்டியில் குழந்தை படம் போட்டு வருவதும் காரம்தான். தலைத்தோல் வெந்து புண்ணாகி வந்த பிள்ளைகளுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன். 2022-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 33,497 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வை வெளியிட்டது. முடி நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வர வாய்ப்புள்ளவர்கள் 1.64 சதவீதம், வருடத்தில் நான்கு தடவைக்கு மேல் போட்டவர்களில் 4.05 சதவீதம். க்ரீம்தான் காரணம் என்று அந்த ஆய்வு அறுதியிடவில்லை. ஆனாலும் ஒரு சிறுமியின் தலையில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அந்த ஆய்வில் நேராக்கியவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் கறுப்பினப் பெண்கள்.

ஏன் இத்தனை பேர் நேராக்கினார்கள் என்று நீங்கள் கேட்க வேண்டும். 1786-ல், ஸ்பெயின் ஆட்சியில் இருந்த லூயிசியானாவில் எஸ்தபான் மிரோ என்ற ஆளுநர் ஓர் ஆணை போட்டார்: அடிமையாக இல்லாத கறுப்பினப் பெண்களும் முடியைத் துணியால் மூடிக் கட்ட வேண்டும். அவர்களுடைய கொண்டை அலங்காரம் ஊர்க் கண்ணை இழுத்ததுதான் குற்றம். அந்தப் பெண்கள் அடங்கிக் கட்டினார்களா? விதவிதமான வண்ணத்துணியைத் தேடி, மடிப்பு மடிப்பாக, கொண்டையைவிட அழகாகக் கட்டினார்கள். இதை ஏதோ பழங்கதை என்று விடவும் முடியாது. 2010-ல் அலபாமா மாநிலத்தில் சேஸ்டிட்டி ஜோன்ஸ் என்ற பெண்ணுக்கு, திரித்த சடைமுடியை வெட்ட மாட்டேன் என்றதால் கொடுத்த வேலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டவிரோதம் இல்லை என்றது. மிஷேல் ஒபாமா வெள்ளை மாளிகையில் இருந்த எட்டு ஆண்டும் பின்னல் போடாமல் நேராக்கிய முடியோடுதான் இருந்தார். நாடு அதற்குத் தயாராக இல்லை என்று நினைத்ததாக 2022-ல் அவரே சொன்னார்.

கலிஃபோர்னியா 2019-ல் முடியை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்து சட்டம் போட்டது. மேரிலாந்து 2020-ல் போட்டது. இந்த மாநிலத்தில் வேலையிலோ, வாடகை வீட்டிலோ, பொது இடத்திலோ பின்னலையும் சடையையும் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கினால் அது இனப் பாகுபாடு. நாடு முழுவதற்குமான மசோதா 2022-ல் கீழவையில் நிறைவேறியது, மேலவையில் நின்றுபோனது. அதாவது உங்கள் மருமகள் தன் மகளின் தலையில் அந்த முடியை அப்படியே வைத்திருப்பது, அவருடைய அம்மாவுக்கும் பாட்டிக்கும் கிடைக்காத ஒரு விஷயத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பது. அதைத்தான் நீங்கள் பொடுகு ஷாம்பு போட்டு 'சரிசெய்ய'ப் பார்த்தீர்கள்.

மருத்துவமனையில் நடந்தது

இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் மருமகள் அன்று செய்தது சரி. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கும் இதையேதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

2023-ல் அமெரிக்காவில் உயிருடன் பிறந்த ஒவ்வொரு லட்சம் குழந்தைக்கும் மகப்பேற்றில் இறந்த தாய்மார் வெள்ளை இனத்தவரில் 14.5, கறுப்பினத்தவரில் 50.3. மூன்று மடங்குக்கும் மேல். ஏழ்மைதான் காரணம் என்று நினைப்பீர்கள், நானும் ஒருகாலத்தில் நினைத்தேன். கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் மரண விகிதம், பள்ளியையே முடிக்காத வெள்ளை இனப் பெண்களின் விகிதத்தைவிட அதிகம் என்று அரசின் நோய்த் தடுப்பு மையத்தின் கணக்கு 2019-ல் காட்டியது. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017-ல் மகளைப் பெற்ற மறுநாள் மூச்சு முட்டியது. முன்பே இரத்தக் கட்டி வந்தவர் என்பதால் அவருக்கே என்னவென்று தெரிந்தது. மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தார் செவிலியர். அவர் பிடிவாதமாக ஸ்கேன் கேட்டு வாங்கினார். நுரையீரலில் கட்டிகள் இருந்தன. செரீனாவுக்கே இந்தக் கதி.

ஏன் கேட்பதில்லை? 2016-ல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. வெள்ளை இன மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர், கறுப்பினத்தவர் உடலைப் பற்றிய பொய்யான கருத்து ஒன்றையாவது உண்மையென்று நம்பினார்கள். அவர்கள் தோல் தடிமனானது என்பது அதில் ஒன்று. தோல் தடிமன் என்று நம்புகிறவர் வலி குறைவு என்றும் நம்பிவிடுவார்.

அந்தப் பட்டியலில் நானும் இருந்தேன் அம்மா. பயிற்சிக் காலத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு கறுப்பினப் பெண்மணி, உச்சந்தலை எரிகிறது, தொட்டால் வலிக்கிறது என்று வந்தார். மேலோட்டமாகப் பார்த்துப் பொடுகு என்று எழுதி அனுப்பினேன். 'இவர்கள் எதையும் கொஞ்சம் பெரிதாகச் சொல்வார்கள்' என்று உடன் இருந்தவர்கள் பேசிக்கொண்டதை நான் மறுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவர் திரும்பி வந்தபோது உச்சியில் உள்ளங்கை அளவுக்கு வழுக்கை, தோல் தழும்பாகி வழவழவென்று. வேர்ப்பைகள் செத்துப்போயிருந்தன. அந்த நோய் கறுப்பினப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஆரம்பத்தில் பிடித்தால் நிறுத்தலாம், தழும்பான இடத்தில் முடி வராது. அவர் என்னைத் திட்டவில்லை. "அன்றைக்கே சொன்னேனே" என்று மட்டும் சொன்னார். அன்று அவர் உங்கள் மருமகளைப் போல, எழுதிக் கொடுங்கள் என்று விடாமல் நின்றிருந்தால் நான் இன்னொரு முறை குனிந்து பார்த்திருப்பேன்.

'கோபக்காரி' என்ற சொல்லுக்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. கறுப்பினப் பெண் என்றால் இடுப்பில் கைவைத்துச் சத்தம் போடுகிறவள் என்று வானொலி, சினிமா, தொலைக்காட்சி எல்லாம் பல பத்தாண்டுகள் காட்டியிருக்கின்றன. அந்த முத்திரை விழக்கூடாது என்று என்னிடம் வரும் பெண்கள் எத்தனை கவனமாகப் பேசுகிறார்கள் தெரியுமா? அலுவலகக் கூட்டத்தில் மற்றவர் சொன்னால் 'உறுதி', இவர் சொன்னால் 'கோபம்'. உங்கள் கடிதத்தையே மறுபடி படித்துப் பாருங்கள். மருத்துவமனையிலும் சரி, சீப்பை வாங்கியபோதும் சரி, அவர் குரலை உயர்த்தியதாக நீங்கள் ஓர் இடத்தில்கூட எழுதவில்லை.

தலைவலிக்கு வருகிறேன். ஏழாம் மாதத்தில் விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, மங்கலாகத் தெரிவது, வலது மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, மூச்சு முட்டுவது — இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இரத்த அழுத்தம் 140/90 தாண்டினால் உடனே தொலைபேசி. 160/110 என்றால் நேரே அவசரப் பிரிவு. பிள்ளை பிறந்த பிறகும் ஆறு வாரம் வரை இந்த இரத்த அழுத்தக் கோளாறு வரலாம், அதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அழுத்தம் பார்க்கக் கையில் கட்டும் கருவி ஒன்றை மகனை வாங்கச் சொல்லுங்கள். நோட்டுப் போட்டுத் தேதி, நேரம், அளவு எழுதுகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் மதிப்பெண் பதிவேடு எழுதியவர் நீங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அந்த நோட்டோடு மருமகள் பக்கத்தில் உட்காருங்கள். மருத்துவர் மழுப்பினால் நோட்டை நீட்டுங்கள்.

குங்குமப்பூ, நிறம்

குங்குமப்பூ பிள்ளையின் நிறத்தை மாற்றாது. நிறம் பெற்றோரிடமிருந்து வருவது. இதைப் பற்றி மருமகளிடம் பேசவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தன் நிறத்தில் பிள்ளை பிறந்துவிடக் கூடாது என்று மாமியார் பால் காய்ச்சித் தருகிறார் என்றுதான் அவருக்குக் கேட்கும். அது பொய்யான அர்த்தமும் இல்லையே.

எட்டாம் பக்கத்து வரி

"சென்ற வெள்ளிக்கிழமை கோயிலில் நம் ஊர்க்காரம்மா ஒருத்தி, இது பிள்ளையைப் பார்த்துக்க வச்சிருக்கிற ஆளா என்று கேட்டாள், நான் சிரித்து மழுப்பிவிட்டேன், அவளுக்குப் புரிந்திருக்காது."

வெள்ளிக்கிழமை கோயில். ஞாயிற்றுக்கிழமை சீப்பு. இந்த இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அவருக்குப் புரிந்திருக்கும். ஆறு வருடம் தமிழ் வீட்டில் இருக்கிறவர். சொல் பிடிபடாவிட்டாலும் அந்தப் பார்வை பிடிபடும், ஏனென்றால் பூங்காவில், பள்ளி வாசலில், விமான நிலையத்தில் அதே பார்வையை அவர் ஏற்கெனவே பார்த்திருப்பார். பிள்ளை தாயைவிடக் கொஞ்சம் வெளுப்பாக இருந்தால் தாயை ஆயா என்று எடுத்துக்கொள்வது இங்கே அடிக்கடி நடக்கிறது. எசமான் வீட்டுப் பிள்ளைகளைக் கறுப்பினப் பெண் வளர்த்த அடிமைக் காலத்தின் மிச்சம் அது. தலையில் துண்டு கட்டிச் சிரிக்கும் வேலைக்காரப் பெண்ணை அடையாளமாக வைத்து 1889-ல் கடைக்கு வந்த 'ஆன்ட் ஜெமைமா' என்ற பான்கேக் (அமெரிக்க இனிப்புத் தோசை) மாவுக்கு 2021-ல்தான் பெயரை மாற்றினார்கள். உங்கள் மகன் வீட்டு அலமாரியில்கூட அந்தப் பெட்டி ஒருகாலத்தில் இருந்திருக்கும்.

அன்று அங்கே இன்னொருவரும் இருந்தார். உங்கள் பேத்தி. அவளுக்குத் தமிழ் புரியும். அம்மாவை வேலைக்காரி என்று ஒருவர் கேட்டதையும், ஆச்சி அதற்குச் சிரித்ததையும் அவள் பார்த்தாள். இரண்டு நாள் கழித்து அதே ஆச்சி, அம்மா இல்லாத நேரத்தில், அம்மா பார்த்துப் பார்த்து வளர்த்த முடியை வலிக்க வலிக்க வாரினார். மருமகள் உங்களைக் கேட்கச் சொன்னது முடியைப் பற்றி மட்டும்தானா என்று யோசியுங்கள்.

முன்பின் தெரியாதவர்கள் மின்தூக்கியிலும் அலுவலகத்திலும் 'அழகாக இருக்கிறதே' என்று கேட்காமல் கையை விட்டு முடியைத் தடவிப் பார்ப்பார்கள் என்று என்னிடம் சொல்லாத கறுப்பினப் பெண்ணே இல்லை. பேருந்தில் யாரோ ஒருவர் உங்கள் கழுத்துச் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தால் எப்படி இருக்கும்? தன் வீட்டிலாவது அது நடக்காது என்று அவர் நினைத்திருப்பார்.

நீங்களும் நிறத்தால் அடிபட்டவர் என்பது உண்மை. பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போன அந்த மாலையை நாற்பது வருடம் கழித்தும் தேதியோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவர்கள் போன பிறகு உங்கள் அம்மா உங்களைக் கட்டிக்கொண்டு "போறவங்க போகட்டும்" என்றார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோயில் வாசலில் உங்கள் மருமகளுக்கு அம்மா இடத்தில் நின்றவர் நீங்கள்.

பேத்திக்கு அடுத்த ஆண்டு ஐந்து வயது. 2017-ல் ஜார்ஜ்டவுன் சட்டப் பள்ளி வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமியையே வெள்ளைச் சிறுமியைவிட விவரம் தெரிந்தவளாக, அரவணைப்பு குறைவாகத் தேவைப்படுகிறவளாகப் பெரியவர்கள் நினைப்பது தெரிந்தது. இந்த நாடு அவளை அவள் அம்மாவின் மகளாகத்தான் பார்க்கும். 1958-ல் இங்கே படிக்க வந்த நம் ஷியாமளா கோபாலனுக்கு இது தெரிந்திருந்தது. தன் இரண்டு மகள்களையும் நாடு கறுப்பினப் பெண்களாகவே பார்க்கும் என்று அறிந்து, அதில் பெருமையோடு நிற்கும்படி அம்மா வளர்த்தார் என்று கமலா ஹாரிஸ் எழுதியிருக்கிறார்.

டிக்கெட்டை மாற்றாதீர்கள்

நீங்கள் இப்போது கிளம்பினால் எல்லோர் மனதிலும் அந்தச் சீப்பே நிற்கும். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. பிரசவமும் அதற்குப் பிந்திய ஆறு வாரமும் அதற்குள் வந்துவிடும். பெற்ற உடம்புக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். உங்கள் பத்தியக் குழம்பையும் பூண்டுப் பாலையும் அவர் விரும்பலாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். லேகியம் மட்டும் மருத்துவரிடம் காட்டாமல் வேண்டாம்.

மன்னிப்பை மகன் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். நேரில் சொல்லுங்கள், உங்கள் ஆங்கிலம் போதும். கோயிலில் இருந்து தொடங்குங்கள், சீப்பிலிருந்து வேண்டாம். "அன்று அந்த அம்மா கேட்டது எனக்குப் புரிந்தது. நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை." இவ்வளவு போதும். 'ஆனால்' என்று ஒரு வாக்கியம் தொடங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் உடனே உருகிவிட மாட்டார், சில நாள் ஆகும். சனிக்கிழமை பேத்தியின் தலையைப் பிரிக்க உட்காரும்போது, பக்கத்தில் உட்காரலாமா என்று கேளுங்கள். சரி என்றால் கிளிப்பையும் கண்டிஷனரையும் எடுத்துக் கொடுங்கள். சீப்பை அவரே ஒருநாள் உங்கள் கையில் தரும்வரை நீங்களாக எடுக்காதீர்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மூவரும் கோயிலுக்குப் போங்கள். அந்த ஊர்க்காரம்மா எதிரே வந்தால் அவர் வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இது என் மருமகள்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள், பேத்தி காதில் விழும்படி.